நம்ம ஊர் டெரஸும் அவங்க ஊர் டெரஸும்

சங்கச் செயலாளர் போன் செய்து, "மலருக்கு ஒரு கட்டுரை வேணும், சிவில் பசங்க யாருமே எழுத மாட்டேங்கறீங்க" என்று அன்பாகக் கடிந்துகொண்டார். "கம்பியும் சிமெண்டும் பற்றி எழுதினால் யார் சார் படிப்பார்கள்?" என்று கேட்டேன். "வீட்டைப் பற்றி எழுது, எல்லாரும் படிப்பாங்க" என்றார். ஆகவே இது ஒரு வீட்டைப் பற்றிய கட்டுரை. பூந்தமல்லியில் எங்கள் தாத்தா வீடு. ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் லண்டன் வரை போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நூலகத்தில் பழைய ஆங்கிலக் கட்டடக்கலைப் புத்தகங்கள் சில இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்றில் "விக்டோரியன் டெரஸ்" என்று ஒரு அத்தியாயம். நான் மொட்டைமாடியைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணித்தான் எடுத்தேன். நமக்கு டெரஸ் என்றால் மொட்டைமாடிதானே. வடாம் காயப் போடுகிற இடம், மே மாசத்தில் பாய் விரித்துப் படுக்கிற இடம். புத்தகத்தைப் புரட்டினால் ஒரு மாடியைக்கூடக் காணோம். ஒரே மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் சாய்வுக் கூரை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கட்டுமானவியல் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "டெரான்னா லத்தீன்ல மண். மண்ணைச் சமப்படுத்தி மேடாக்கின இடம் டெரஸ். அந்த மேட்டு மேல வரிசையா வீடு கட்டினாங்க, அந்த வரிசைக்கே டெரஸ்னு பேர் வந்துடுச்சு. நம்ம ஊர்ல வீட்டு மேல சமமா இருக்கிற தளத்துக்கு அந்தப் பேரைக் கொடுத்தோம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்தான், ஆனா பங்காளி மாதிரி, பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். அந்தப் பங்காளிகள் இருவரும் எங்கள் தாத்தா வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

சுவரோடு சுவர்

முதலில் அவங்க ஊர் டெரஸ். விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் ஆலைகள் பெருகின, ஜனங்கள் கிராமத்தை விட்டு வந்து குவிந்தார்கள். குறைந்த நிலத்தில் நிறையப் பேரைக் குடிவைக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். 1875-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி விதிகளின்படி தெருவின் அகலம், பின்கட்டு, வெளிச்சம், கழிவுநீர் எல்லாம் முறைப்படுத்தப்பட்டன. அந்த வரிசை வீடுகள் லட்சக்கணக்கில் இன்றைக்கும் நிற்கின்றன.

அந்த நடுச்சுவர் விஷயத்தில் லண்டன்காரர்கள் பட்டுத் தேறினவர்கள். 1666-ல் ஊரே எரிந்த பிறகு மரச்சுவர் கூடாது, செங்கல்லோ கல்லோதான் என்று விதித்தார்கள். 1774-ல் வந்த கட்டடச் சட்டம் பொதுச்சுவர் எவ்வளவு கனம் இருக்கவேண்டும் என்பதுவரை எழுதிவைத்தது. கடைசியாக 1996-ல் பொதுச்சுவருக்கென்றே ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். அதன்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச்சுவரில் உத்தரம் செருகுவது, வெட்டுவது போன்ற வேலை செய்யவேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டு மாத விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இந்த வரிசை வீடுகளில் பெரிய சாலையைப் பார்த்து நின்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளாக மாறின. அதற்குக் கண்ணாடியும் ஒரு காரணம். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது, ஜன்னலுக்கும் வரி இருந்தது. கண்ணாடி வரி 1845-ல் போனது, ஜன்னல் வரி 1851-ல் போனது. அதற்கப்புறம் பெரிய பெரிய கண்ணாடிகள் மலிவாயின. கீழ்த்தளத்தின் முன்சுவரை எடுத்துவிட்டு, மேலே ஒரு நீண்ட உத்தரம், கீழே மெல்லிய வார்ப்பிரும்புத் தூண், நடுவே கண்ணாடி. உள்ளே தொப்பியும் துணியும். மேல்மாடியில் அதே பழைய செங்கல் சுவர், அதே ஜன்னல். கீழே கடை, மேலே குடித்தனம்.

இதைப் படித்தபோது எனக்குப் பூந்தமல்லி கடைத்தெரு அப்படியே கண் முன்னால் வந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் சுண்ணாம்புப் பூ வேலை, கைப்பிடிச் சுவர், மரச் சட்டம் போட்ட ஜன்னல். கீழே பார்த்தால் ரோலிங் ஷட்டர், டியூப் லைட், மொபைல் ரீசார்ஜ்.

மெத்தை வீடு

இப்போது நம்ம ஊர் டெரஸ். நம் பாட்டிமார்கள் இதை மெத்தை வீடு என்பார்கள், மச்சு வீடு என்பார்கள். பத்திரத்தில் மெட்ராஸ் ஒட்டு என்று இருக்கும். பொறியியல் புத்தகத்தில் மெட்ராஸ் டெரஸ். இந்தியத் தர நிர்ணயத்தில்கூட இதற்கென்று தனி விதித்தொகுப்பு உண்டு, ஐ.எஸ். 2119. ஒரு ஊர் பேரில் ஒரு தளம், அதற்கு அகில இந்திய விதி. நம்ம ஊருக்கு இப்படி ஒரு பெருமை இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செய்முறை இதுதான். சுவரிலிருந்து சுவருக்கு, குறுகலான பக்கமாக, தேக்கு விட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகவோ அதைவிட நெருக்கமாகவோ வைப்பார்கள். வசதியான வீடு என்றால் பர்மாத் தேக்கு. அதன்மேல் அச்சுக்கல். இது சாதாரணச் செங்கல் கிடையாது. 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், பிஸ்கட் மாதிரி இருக்கும். அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, விட்டத்துக்குக் கோணல்வாக்கில், அதாவது மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே சாரமோ பலகையோ கிடையாது. பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கல்லும் நிற்கும். கோணலாக வைப்பதால் ஒவ்வொரு வரிசையும் விட்டத்துக்கு விட்டம் சின்ன வளைவு மாதிரி இறுகிக்கொள்கிறது.

அது காய்ந்ததும் மேலே 3 அல்லது 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது, அடிக்க வேண்டும். சித்தாள் பெண்கள் வரிசையாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு நாள்கணக்கில் அடிப்பார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை பட்டுத் தெறிக்கிற வரை, தளம் கல் மாதிரி கணீரென்று சத்தம் கொடுக்கிற வரை அடி. அப்புறம் தட்டோடு, அதன்மேல் வாட்டம் பார்த்துச் சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்து 8 அங்குலத்துக்கு மேலே கனம். எடை என்று பார்த்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ வரும். வெயில் கீழே இறங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதனால்தான் அந்த வீடுகளில் மின்விசிறி இல்லாமலே மத்தியானம் தூங்க முடிந்தது.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி எடுத்த சுண்ணாம்புக்கு நல்ல பேர். அதை மெருகேற்றிச் சலவைக்கல் போலப் பளபளக்க வைத்த பூச்சைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் அசந்துபோய், "மெட்ராஸ் சுனாம்" என்று நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகும். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்காது, விட்டுவிடும். சின்ன விரிசல் விட்டால் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். கோபம் வந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளாத மனுஷன் மாதிரி.

மவுண்ட் ரோடு பாடம்

விக்டோரியா காலத்திலும் அதை ஒட்டியும் மெட்ராஸில் எழுந்த பெரிய வணிகக் கட்டடங்களுக்கும் இந்தச் சுண்ணாம்பும் செங்கல்லும்தான் ஆதாரம். 1870-களில் சிசோம் வரைந்த பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, 1895-ல் எழுந்த ஸ்பென்சர், 1904-ல் கட்டின ஹிக்கின்பாதம்ஸ். பஸ்ஸில் அண்ணா சாலை போகும்போது ஜன்னலோர ஸீட் கிடைத்தால் எல்லாரும் பார்த்தவைதான். ஸ்பென்சரின் பழைய கட்டடம் 1983-ல் தீயில் போனது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கிழக்குக் கோடியில், சென்ட்ரலை ஒட்டி 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. பழைய புத்தகம் வாங்கப் போன நம் அப்பாக்களுக்கு இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை.

எரியாமல் தப்பினது ஒன்று. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் செக்கச்செவேல் என்று கோபுரங்களோடு நிற்கிறதே, பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக ஜே.எச். ஸ்டீஃபன்ஸ் வடிவமைத்தது. முதலில் அதற்குக் கார்டைல் பில்டிங் என்று பேர். 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது, 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொன்னது. நகரத்தில் இருக்கும் மரபுக் கட்டடங்களைப் பட்டியல் போட்டுக் காக்கவேண்டும் என்ற பேச்சு வலுத்ததும் அந்த வழக்கால்தான்.

பழுதாகிப்போனதை மீட்கவும் முடியும். சேப்பாக்கத்தில் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று நினைக்கத்தான் தோன்றும். பொதுப்பணித் துறை சுண்ணாம்பையும் கடுக்காயையும் வெல்லத்தையும் மறுபடி கையிலெடுத்து, மெட்ராஸ் டெரஸ் போட்டு அதைச் சரிசெய்தது. பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. பழைய உடம்பு, புது வேலை. ஆக, இது ஆகாத காரியம் இல்லை.

ஆனால் பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கும் சின்ன மெத்தை வீடுகளுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? எந்தப் பட்டியலில் அவை இருக்கின்றன?

நம்ம மேற்குப் பக்கம்

நம் பக்கத்து ஊர்கள் ஒன்றும் நேற்று முளைத்தவை அல்ல. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் என்பார்கள். கம்பெனிக் காலத்தில் அது ராணுவ ஊர். உடம்பு சரியில்லாத ஐரோப்பியச் சிப்பாய்கள் தேறி வருவதற்காக அங்கே ஒரு டிப்போ வைத்திருந்தார்கள். பெங்களூர் போகும் சாலை அந்த வழி. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது, அது அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போயிற்று. சிப்பாய், சாலை, ரயில் மூன்றும் இருந்தால் கடைத்தெரு தானாக வரும். கடைத்தெரு வந்தால் மெத்தை வீடு வரும்.

1955-ல் ஆவடி காங்கிரஸ் மாநாடு, அறுபதுகளில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலைக்கு ஜனங்கள் வந்து குவிந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்த அதே கதை. மெயின் ரோட்டு மெத்தை வீடுகளின் திண்ணைகள் ஒவ்வொன்றாக இடிந்து கடை முகப்பாக மாறின. எங்கள் வீட்டுத் திண்ணையும் அப்படிப் போனதுதான். எனக்கு அப்போது ஆறு வயசு. தாத்தா அன்றைக்கு வீட்டில் இருக்காமல் கோயிலுக்குப் போய்விட்டார்.

என் கணக்கு

இனி சொல்லப்போவது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் மலருக்கு எழுதுவது என்றால் உண்மையைத்தான் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் படிப்பு முடித்து வெளியே வந்த மறுவருஷம். எங்கள் கீழ்த்தளத்தையும் பக்கத்து வீட்டுக் கீழ்த்தளத்தையும் சேர்த்து ஒரே பெரிய கடையாக வாடகைக்குக் கேட்டார்கள். நல்ல வாடகை. நடுச்சுவரில் 14 அடிக்குத் திறப்பு வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டில் மேல்மாடியில் ஒரு பாட்டியும் மகனும் குடியிருந்தார்கள், அவர்களுக்கும் சம்மதம். "நம்ம வீட்லயே இன்ஜினியர் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று சித்தப்பா சொன்னார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அது 14 அங்குலச் சுவர். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டேன். மேல்மாடிச் சுவரின் எடை 2 டன். எங்கள் வீட்டு விட்டங்கள் கொண்டுவரும் தளம், மொட்டைமாடி எல்லாம் சேர்த்து இன்னொரு 2 டன். பக்கத்து வீட்டு முன்அறையில் பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தார்கள். அவர்கள் விட்டங்கள் வேறு திசையில், முன்சுவருக்கும் உள்சுவருக்கும் ஓடுகின்றன என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஏன் அப்படி முடிவு செய்தேன் என்றால், அப்படி இருந்தால் கணக்கு சுலபம். வேறு காரணம் கிடையாது. மொத்தம் 4 டன் என்று வைத்து ஒரு கர்டர் தேர்ந்தெடுத்து, சுவரில் எங்கள் பக்கத்துப் பாதியில் அதை வைக்கச் சொன்னேன். மறுபாதிக்கு ஒரு மெல்லிய லிண்டல் போதும் என்று வரைந்து கொடுத்தேன்.

வேலை எடுத்த மேஸ்திரி வயசானவர். சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது ரெண்டு பக்கமும் சுமக்குற சுவரு. அந்தப் பக்கத்து மச்சைப் பிரிச்சுப் பார்த்துட்டு வெட்டலாமே" என்றார். "கால்குலேஷன் போட்டாச்சு மேஸ்திரி, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் படித்தவனிடம் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள்.

முட்டு எடுத்த அன்று ராத்திரி எட்டு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்கள். "ஏம்ப்பா, கீழே யாரோ நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் கேக்குதே, நீங்க வேலை பண்றீங்களா?" ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர்கள் கட்டில் போட்டிருந்த இடத்தில், சுவரை ஒட்டித் தரையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. பூஜை அலமாரி சுவரை விட்டு விலகியிருந்தது. கீழே போய்ப் பொய்க்கூரையைப் பிய்த்து எறிந்தேன். வரிசையாகத் தேக்கு விட்டங்கள். எல்லாம் அந்தச் சுவரை நோக்கித்தான் வந்தன. அவற்றின் முனைகள் என் மெல்லிய லிண்டலின்மேல் உட்கார்ந்திருந்தன. பக்கத்து வீட்டு 2 டன்னை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு பாரம், அதுவும் தாங்குவதற்கு ஆளே இல்லாத பக்கத்தில்.

பாட்டியை எங்கள் கூடத்துக்கு அழைத்து வந்து படுக்க வைத்தோம். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. விடிய விடிய சவுக்குக் கட்டைகளை நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கினார். மறுநாள் ஒரு மூத்த கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வந்து, இரண்டு பக்கமும் இரண்டு கர்டர், நடுவே இணைப்பு, அடியில் கான்கிரீட் தாங்கி என்று முறையாகச் செய்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாடகை முன்பணம் அந்த வேலைக்கே சரியாகப் போனது.

பாட்டி மூன்று வாரம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருநாள் சொன்னார்கள்: "உங்க தாத்தா இருந்தப்ப அந்தச் சுவத்துல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னாக்கூட, எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டுட்டுத்தான் அடிப்பாரு." நான் பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வடக்கு எல்லையில் "பொதுச்சுவர்" என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அந்தப் பத்திரத்தைப் பரப்பளவுக்காக மட்டும்தான் படித்திருந்தேன்.

லண்டன்காரன் சட்டம் போட்டு இரண்டு மாதம் முன்பே தெரிவி என்கிறான் என்று முன்னால் சொன்னேன் இல்லையா? எங்கள் தாத்தா சட்டம் இல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தார். சட்டமும் படிக்காமல், தாத்தாவிடமும் கேட்காமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

கடையாக்கும்போது கவனிக்க

பழைய வீட்டைக் கடையாக்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாடகை வருவதால்தான் பல வீடுகள் இன்னும் இடிபடாமல் இருக்கின்றன. லண்டனில் அந்த வரிசை வீடுகள் பிழைத்ததற்கும் கீழே இருக்கும் கடைகள் ஒரு காரணம். ஆனால் இந்த அனுபவத்துக்குப் பிறகு நாற்பது, ஐம்பது மெத்தை வீடுகளைப் பார்த்துவிட்டேன். நோய் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, பாரம். ஐ.எஸ். 875 விதிப்படி குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ நடமாட்டப் பாரம் எடுத்தால் போதும். சில்லறைக் கடைக்கு 400 கிலோ எடுக்க வேண்டும். சரக்குக் கிடங்கு என்றால் 500-க்கும் மேலே. குடித்தனம் இருந்த மேல்மாடியில் துணி மூட்டையையோ புத்தகக் கட்டையோ அடுக்கினால் விட்டத்தைக் கேட்காமலே அதன் சுமையை இரண்டு மடங்காக்குகிறோம். மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் 1 டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர்களின் மேலே பாரம் இறங்கும்படி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பொய்க்கூரை. ஏ.ஸி. போட்டால் பொய்க்கூரை போட்டுவிடுகிறார்கள். மெட்ராஸ் டெரஸ் நடுவில் பழுதாவது குறைவு. விட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் வேலை செய்கின்றன. அதை மறைத்துவிட்டால் அப்புறம் யாருக்குத் தெரியும்? குறைந்தது சுவரோரமாகத் திறந்து பார்க்கும்படி பலகைகள் விட வேண்டும்.

மூன்றாவது, சிமெண்ட். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் போகும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு விழும், கூடவே செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். "பழைய சுவர், ஓதம் வாங்குது" என்று சுவர் மேல் பழி போடுவோம். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

நான்காவது, தூம்பு. மழைத் தண்ணீர் இறங்கும் தூம்பை விளம்பரப் பலகை அடைத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் தேங்கி, கைப்பிடிச் சுவரின் அடியில் இறங்கி, நேராக விட்டத்தின் முனைக்குப் போகும். ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆளை மாடியேற்றித் தூம்பைக் குத்திவிட்டால் போதும், வீட்டுக்கு ஆயுள் கூடும். அதற்கு இன்ஜினியர்கூட வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியம், சுவரை வெட்டுவதற்கு முன் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

வகுப்பு நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம்

அந்த மேஸ்திரி போன வருஷம் காலமானார். மெட்ராஸ் டெரஸ் தளத்தைக் கையால் அடித்து முடித்த ஆட்களில் எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்து இன்னும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அச்சுக்கல் சுடுகிற சூளையைத் தேடித்தான் போகவேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு இன்னும் நிற்கிறது. ஆனால் பூந்தமல்லி வரை மெட்ரோ பாலம் வந்துவிட்டது, நில விலை எங்கேயோ போய்விட்டது. சித்தப்பா விற்றுவிடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவருக்கு இரண்டு பெண்கள். நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருக்கிறேன். விற்பதா வைப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னால் வீட்டை முழுசாக அளந்து வரைந்துவிடலாம் என்று. இந்தத் தடவை பக்கத்து வீட்டையும் சேர்த்து.

இதே வேலையைத்தான் நம் கல்லூரிக்கும் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் வருஷத்தில் சர்வே கேம்ப் என்று மலையேறிப் போய்ப் பத்து நாள் கும்மாளம் அடித்துவிட்டு வருகிறோம். அதில் இரண்டே நாள், கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய கடைத்தெருவில் ஒரு வரிசை வீடுகளை மாணவர்கள் அளக்கட்டும். விட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது, சுவர் எத்தனை அங்குலம், அச்சுக்கல் எப்படி அடுக்கியிருக்கிறது, தூம்பு எங்கே இறங்குகிறது என்று வரைந்து துறை நூலகத்தில் வைக்கட்டும். வருஷத்துக்கு ஒரு வரிசை என்றால் பத்து வருஷத்தில் ஒரு தெரு ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் எவனாவது என்னை மாதிரி கணக்கைச் சுலபமாக்கப் பார்த்தால், அந்த வரைபடம் அவன் கையைப் பிடித்து நிறுத்தும். செலவுக்குப் பழைய மாணவர் சங்கம் உதவ வேண்டும். முதல் வருஷத்துக்கு டேப்பும் லெவலும் மத்தியானச் சாப்பாடும் என் பொறுப்பு.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் பேர் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் மாடிப்படி ஏற மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

(கட்டுரையாளர் சிவில் பிரிவில் 2010-ல் படிப்பை முடித்தவர்.)